டின்னில் இருந்த செம்பருத்தி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டதால் ல, ள, ழ மூன்றும் இன்றும் எனக்குத் தகராறுதான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நாங்கள் அடி அண்ணாமலையில் இருந்தபோது, கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்த என் அத்தை ஒரு ஐப்பசி மாதம் தனியாக வந்து இறங்கினாள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் பழைய எண்ணெய் டின்னில் வளர்த்த செம்பருத்திச் செடி. கோபம் தணிந்ததும் மாமா வந்து அழைத்துப்போவார் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

"தரையில நட்டு வெச்சுடட்டுமா?" என்று அம்மா செடியைப் பார்த்துக் கேட்டாள்.

"வேணாம் அண்ணி. போறப்ப எடுத்துட்டுப் போகணும்" என்றாள் அத்தை.

மார்கழி வந்தது. மலைப்பக்கமிருந்து வீசிய பனிக்காற்றில் மொட்டெல்லாம் உதிர்ந்தது. அத்தை டின்னை உள்ளே கொண்டுவந்து வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தாள். அது நான் உட்கார்ந்து சாப்பிடும் இடம். உள்ளே வந்தும் செடி தேறவில்லை. இலைகள் மஞ்சளாகி விழுந்தன. மாமாவும் வரவில்லை. அத்தை இலைகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொள்வாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஒருநாள் காலை அத்தை டின்னைத் தூக்கியபோது, துருப்பிடித்த அடியிலிருந்து சேறு ஒழுகியது. மண் நாறியது.

"குளுருக்கு இதுக்குத் தண்ணி கம்மியா விடணும். யார் ஊத்தினது?"

"அரிசி கழுவுன தண்ணிதான். வாடிக் கிடந்துச்சேனு…" என்று அம்மா இழுத்தாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "நானும் வெளிய போறப்ப ஒரு சொம்பு ஊத்துவேன்."

"நீயுமாண்ணா? என்னோட சேத்து மூணு பேரும் ஊத்துனா அது நீச்சல்தான் அடிக்கும்." அத்தை சிரித்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. அழுகிய வேரைக் கிள்ளிப் போட்டபடி, "டின்னுலயே எத்தினி நாளைக்கும்மா இருக்கும்? பொங்கல் கழிச்சுப் பனி விட்டதும் நம்ம வாசல்லயே நட்டுடலாம்" என்றார்.

அத்தை டின்னைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"சரிண்ணா. நட்டுடலாம்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி அடுப்படிக்குள் போனாள். ஒரு செடியை இடம் மாற்றுவதற்கு எதற்கு அழவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஜன்னலோரம் திரும்பக் கிடைக்கப்போகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் செடியில் ஒடித்து வைத்த கிளை ஒன்று இப்போது வேங்கிக்காலில் என் வீட்டுத் தொட்டியில் வளர்கிறது. இன்று காலைதான் பனிக்குப் பயந்து உள்ளே எடுத்து வைத்தேன். தண்ணீர் கம்மியாகத்தான் விடுகிறேன்.

எழுதி முடித்தது, மார்கழி முதல் தேதி.