பேச்சியம்மாளின் வலது கை

புற்றுநோயை அறுத்து எடுத்துவிட்டால் வைத்தியம் முடிந்தது என்று ஊரே நினைக்கிறது. எங்கள் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் ராத்திரி டூட்டி ஆயா. விடிந்து வீட்டுக்குப் போனாலும் தூக்கம் வராது. அதனால் காலையில், சிகிச்சை முடிந்து வந்துபோகிறவர்களின் அறையில் கட்டுச் சுற்றுகிறேன். யாரும் பாடம் எடுக்கவில்லை. பிசியோதெரபி சார் சுற்றுவதைப் பார்த்து, என் காலிலேயே சுற்றிச் சுற்றிக் கற்றது. நோயாளியோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

அறுத்த பிறகு

இலஞ்சியிலிருந்து வருகிற பேச்சியம்மாள் தையல்காரி. மார்பை எடுத்தபோது அக்குளில் இருந்த நிணநீர்க் கட்டிகளையும் எடுத்தார்கள். நீர் வடிய வழியில்லாமல் வலது கை வீங்கிவிட்டது. விரலிலிருந்து தோள்வரை இறுக்கமான கட்டு, பிறகு பயிற்சி, வாரம் மூன்று நாள். தீபாவளித் தையலுக்குள் அந்தக் கை கத்தரிக்கோல் பிடித்தாக வேண்டும். அவளுடைய டேப்பாலேயே அளப்போம். அரை அங்குலம் குறைந்தால் இரண்டு பேரும் சிரிப்போம்.

கூட வந்த மதினி, அதாவது புருஷனின் அக்கா, ஒருநாள் என் காதுபடவே சொன்னாள்: "அறுத்துப் போட்டாச்சுல்லா. பொறவும் என்னத்துக்கு அலையுதா? ஊர் சுத்திப் பழகிட்டா."

கல்யாண வீட்டில்

சுந்தரபாண்டியபுரத்தில் சொந்தக்காரர் கல்யாணம். கட்டோடு நின்றால் நாலு பேர் கேட்பார்கள் என்று வீட்டில் அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் கட்டே இல்லை. குறைந்த அரை அங்குலம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ எதுக்குட்டி சரின்னே?" என்றேன்.

"அவுத்த கையும் பெருசாத்தான் தெரிஞ்சுது யக்கா. போட்டோ எடுக்கும்போது மதினி முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டேன்."

குற்றாலத்து எண்ணெய்

சாரல் ஆரம்பித்ததும் அவள் அண்ணன் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் எண்ணெய் மசாஜுக்கு உட்கார வைத்திருக்கிறார். சுளுக்கு என்று சொல்லியிருக்கிறார். மசாஜ்காரரும் வஞ்சனையில்லாமல் அமுக்கியிருக்கிறார். போதாததற்கு, அருவி அடிக்கிற இடத்தில் கையை நீட்டி நிற்க வைத்திருக்கிறார் அண்ணன். மூன்றாம் நாள் கை சிவந்து, காய்ச்சலோடு வந்தாள். கிருமி தொற்றிவிட்டது, அது அடங்கும்வரை கட்டக் கூடாது என்றார் டாக்டர்.

அந்தக் கையை அழுத்தித் தேய்க்கவே கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "உள்ளதைச் சொல்லியிருந்தா அந்த மனுசன் தொட்டிருக்கவே மாட்டாரே அண்ணாச்சி," என்றேன். அவர் அசரவில்லை.

"அதுக்குத்தான் சொல்லல. எம் மகளுக்கு மாப்பிள்ளை பாக்குதோம்லா."

பெஞ்சில்

காய்ச்சல் விட்ட பிறகு மறுபடி முதலிலிருந்து. முதல் நாள் அளவைவிட ஒரு அங்குலம் கூடுதல். டேப்பைப் பார்த்துவிட்டு அவளே அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். அடுத்த முறை பெஞ்சில் காத்திருந்தபோது, திருவேங்கடத்திலிருந்து வந்த ஒரு அம்மா கைக்கு என்னவென்று கேட்டாள். அண்ணன் முந்திக்கொண்டு, "சுளுக்கு," என்றார். பேச்சியம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சுளுக்கு இல்லக்கா, கேன்சர். மாரை எடுத்தாச்சு. கை எனக்கு வேணும், அதான் வந்திருக்கேன்."

அண்ணன் இப்போதும் கொண்டுவந்து விடுகிறார், ஆனால் வாசலோடு நின்றுகொள்கிறார். உட்கார இடம் போதாத எங்கள் அறைக்கு அதுவும் ஒரு உபகாரம்.