விலை கூவிய கண்ணாடிக் குழல்கள்

2022 ஆகஸ்ட் 11 – மில் பலகை, பழையது: ரூ. 1,850
2022 செப்டம்பர் 2 – டிரான்ஸ்பார்மர், ஒயர்: ரூ. 640
2022 நவம்பர் 3 – மரச்சட்டம், சைக்கிள் மணி: ரூ. 1,120
2023 ஏப்ரல் 14 – மல்லிகை, முதல் கூடை, 4 கிலோ, விற்றது: ரூ. 280
2023 ஏப்ரல் 14 – அதே கூடைக்கு நல்லுசாமிக்குக் கொடுத்தது: ரூ. 2,804

கடைசி இரண்டு வரிகள் நான் எழுதியவை. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஈஸ்வரனின் கமிஷன் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். முதல் மூன்றும் சர்புன்னிசா கொடுத்த சீட்டுகளிலிருந்து எடுத்தவை. அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சர்புன்னிசாவுக்கு வயது நாற்பத்து நான்கு. மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் எலக்ட்ரானிக் தராசு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். பூக்கடைத் தராசுகளுக்குத் தண்ணீர்தான் எமன். பூ வாடாமலிருக்கத் தெளிக்கும் தண்ணீர் தராசுக்குள் இறங்கிவிடும். அதைத் துடைத்து, காயவைத்து, எடைக்கல் வைத்துச் சரிபார்த்து, திருகாணியின் தலையில் ஒரு பொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைப்பார். அந்தப் பொட்டு இருந்தால் உள்ளே எல்லாம் சரி என்று அர்த்தம். மார்க்கெட்டில் அதற்கு அவ்வளவு மதிப்பு.

வேடசந்தூர் பக்கம் மூடிக் கிடந்த ஒரு நூற்பாலையின் சாமான்கள் பழைய இரும்புக் கடைக்கு வந்தபோது, தராசுக்கு ஏதாவது உதிரி கிடைக்குமா என்று பார்க்கப் போனவர், ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு காலத்தில் எந்த ஷிப்ட், எந்த மெஷின் என்று தொழிலாளிகளுக்குக் காட்டிய பலகை. அதில் பன்னிரண்டு கண்ணாடிக் குழல்கள். ஒவ்வொன்றும் ஊறுகாய் பாட்டில் அளவு. உள்ளே மெல்லிய கம்பிக் கோடுகள், நேராகவும் குறுக்காகவும் சாய்வாகவும். எந்தக் கோட்டுக்கு மின்சாரம் கொடுக்கிறோமோ அது மட்டும் தணல் நிறத்தில் ஒளிரும். கோடுகளைச் சேர்த்தால் எண்ணும் வரும், இங்கிலீஷ் எழுத்தும் வரும்.

அவற்றைச் சோதித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தக் குழலுக்கு நூற்று எழுபது வோல்ட் வேண்டும். கை தவறினால் தூக்கி எறியும். அதனால் இடது கையை முதுகுக்குப் பின்னால் முந்தானையில் சுற்றிக்கொண்டு, வலது கையில் மட்டும் கம்பியைப் பிடித்து, குழலின் அடியில் உள்ள ஊசிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவார். ஒரு கோடு எரியும், அணையும். அடுத்தது எரியும், அணையும். மூன்று குழல்கள் காற்று புகுந்து செத்துப்போயிருந்தன. மீதி ஒன்பதும் நன்றாக இருந்தன.

"இத வச்சு என்னம்மா பண்ணப் போற?" என்றேன்.

"தெரியல. இம்புட்டு அழகா எரியுதே, சும்மாவா போட முடியும்?"

முதலில் பயன்பட்டது அவருடைய தங்கை நர்கீஸின் வீட்டில். அவர்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எந்த நாள், எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. குழாயடியில் ஒரு மிதவையை வைத்து, அதிலிருந்து ஒயர் இழுத்து, ஜன்னலில் ஒரு குழலை மாட்டினார். தண்ணீர் வந்ததும் ஜன்னலில் 'T' எழுத்து எரியும். அது எரிந்தால் தெருவே குடத்தோடு வந்துவிடும் என்று நர்கீஸ் திட்டினார், ஆனால் கழற்ற விடவில்லை.

இதே சமயத்தில்தான் ஈஸ்வரனின் தொல்லை பெரிதாகிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜூனில் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. எங்கள் மார்க்கெட்டில் கடைக்காரரே முதல் விலையைக் கூவ வேண்டும். மகனோ வேலையாளோ கூவினால் செல்லாது. கூவிய விலையைத் திரும்பப் பெறவும் முடியாது. வாங்குபவர் கூடையில் கை வைத்துவிட்டால் அது அவருடைய பூ. கூவாத கடையை வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஈஸ்வரனுக்கு அந்தக் கடையைத் தவிர வேறு பிழைப்பு இல்லை.

மதுரையிலிருந்து எழுத்து ஓடும் எல்.ஈ.டி. பலகை ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்தார். மல்லி என்று வந்து, விலை வந்து, படிப்பதற்குள் ஓடிப்போய்விடும். "அண்ணே, உங்க விலையப் பிடிக்க பைக் எடுத்துட்டு வரணும்போல" என்று மாலை கட்டி விற்கும் அன்புக்கரசி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். ஈஸ்வரனும் சிரித்தார். மறுநாள் பலகையைக் கழற்றிவிட்டார்.

அக்டோபரில் ஒரு மாலை, பழுதுக்குக் கொடுத்த தராசை வாங்க நாங்கள் இருவரும் சர்புன்னிசாவின் கடைக்குப் போனோம். சந்து முனையில் திரும்பியதும் ஈஸ்வரன் நின்றுவிட்டார். உள்ளே மேசையில் ஒரு குழல் '8' என்று எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து, அதுவும் பக்கவாட்டில் பார்த்தும், தெளிவாகத் தெரிந்தது. ஓடவில்லை. கண்ணைக் கூசவில்லை. ஈஸ்வரன் அதைக் காட்டினார், பிறகு தன் தொண்டையைக் காட்டினார்.

சர்புன்னிசாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும், "செஞ்சிரலாம்ணே" என்றார்.

நான்கு குழல்களை மரச்சட்டத்தில் பொருத்தினார். முதல் குழலில் பூவின் எழுத்து, மற்ற மூன்றிலும் விலை. ஈஸ்வரன் திருக நான்கு குமிழ்கள், கவனத்தைத் திருப்ப ஒரு சைக்கிள் மணி. தமிழ் எழுத்து போட ஆசைப்பட்டார். 'ப'வும் 'ட'வும் நேராக வந்தன, மற்றவை கோணிக்கொண்டன. அதனால் மல்லிக்கு M, சம்பங்கிக்கு S, கனகாம்பரத்துக்கு K. தண்ணீர் இறங்காதபடி சுற்றிலும் அடைத்து, திருகாணிகளின் மேல் சிவப்புப் பொட்டு வைத்து, நவம்பரில் கடையில் மாட்டினார்.

மார்க்கெட் சங்கச் செயலாளர் பிரபு வந்து பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணன் வாயால சொன்னா அது அண்ணன் சொன்னது. நாளைக்கு இது தப்பாக் காட்டுச்சுன்னா? மெஷின் தப்புன்னு கைய விரிச்சிருவீங்க. அப்புறம் கூவுன விலைக்கு என்ன மரியாதை?"

கடைசியில், சித்திரை ஒன்றாம் தேதி வரை பலகை இருக்கட்டும், அதற்குப் பிறகு நிர்வாகக் குழு முடிவு செய்யும் என்றார்கள்.

பலகை நன்றாகவே வேலை செய்தது. விடியும் முன் மணி அடிக்கும், எல்லாத் தலைகளும் திரும்பும். வேறு கடைக்குப் போயிருந்த விவசாயிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சிறுமலை அடிவாரத்து நல்லுசாமி முதலில் வந்தவர். "கத்துற கடையில தலவலி. இங்க நிம்மதியா இருக்கு" என்றார்.

சித்திரை முதல் நாள் எங்கள் மார்க்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற நாட்களில் விலை பத்து பத்தாகத்தான் ஏறும், இறங்கும். அன்று மட்டும் முதல் கூடைக்கு, மொய் எழுதுவதுபோல, ஒரு ரூபாய் சேர்த்துக் கூவ வேண்டும். அந்தக் கூடைக்குக் கமிஷனும் கிடையாது.

அன்று நிர்வாகக் குழு முழுவதும் எங்கள் கடை முன் நின்றது. சர்புன்னிசாவும் வந்திருந்தார். முதல் கூடை நல்லுசாமியுடையது, நான்கு கிலோ மல்லிகை. கிலோ எழுநூற்று ஒன்று என்று முடிவு செய்திருந்தோம். ஈஸ்வரன் குமிழ்களைத் திருகி மணியை அடித்தார்.

M எரிந்தது. 7 எரிந்தது. 0 எரிந்தது. கடைசிக் குழல் இருட்டாக இருந்தது.

"எழுவதா?" அன்புக்கரசி கத்தினாள். "கிலோ எழுவதா! எடுத்துக்கிட்டேன்!" பாய்ந்து கூடையில் கை வைத்தாள்.

மார்க்கெட்டே சிரித்தது. சர்புன்னிசா ஓடி வந்தார். "எழுநூத்தி ஒண்ணு! அது எழுநூத்தி ஒண்ணு! கடைசி டியூப்பு எரியல, அண்ணன் சரியாத்தான் வச்சாரு!"

பிரபு சிரிக்கவில்லை. "இதத்தானம்மா நான் அன்னைக்குச் சொன்னேன்" என்றார்.

அன்புக்கரசி கையை எடுத்துவிட்டாள். "ஏதோ விளையாட்டுக்குச் சொன்னேண்ணே. எனக்குத் தெரியாதா? மெஷின் தப்பு, விடுங்க."

ஈஸ்வரன் தலையசைத்திருந்தால் போதும், அத்தோடு முடிந்திருக்கும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பலகையைப் பார்த்தார். பிறகு கூடையைத் தூக்கித் தராசில் வைத்தார். அன்புக்கரசியிடம் ஏழு விரல்களைக் காட்டினார், அடுத்து கையை மூடிக் காட்டினார்.

"வேண்டாம்ணே."

மறுபடியும் ஏழு விரல்கள், மூடிய கை. பிறகு தன் நெஞ்சைத் தட்டினார், பலகையைத் தட்டினார்.

அவள் இருநூற்று எண்பது ரூபாயை எடுத்து என் மேசையில் வைத்தாள். நல்லுசாமிக்கு எழுநூற்று ஒன்றுக்கான பணத்தை ஈஸ்வரன் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிறகு இரண்டாவது கூடைக்கு 700 வைத்து மணி அடித்தார். வியாபாரம் நடந்தது.

பலகையை அன்று மதியமே கழற்றிக்கொண்டு போனார் சர்புன்னிசா. நான் போய்ப் பார்த்தபோது சாப்பிடாமல் அதன் முன் உட்கார்ந்திருந்தார். ஐந்து மாதமாகக் கடைசிக் குழல் பூஜ்யத்தைத் தவிர வேறெதையும் காட்டியதில்லை. பூஜ்யத்தின் ஓரக் கோடுகள் எரிய எரிய, அவற்றிலிருந்து கிளம்பிய உலோகத் துகள் நடுவில் சும்மா நின்ற கோடுகளில் படிந்துவிட்டது. பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று '1' என்ற எண்ணை அந்த நடுக்கோடுகளில்தான் அமைத்திருந்தார்.

"தராசுப் புத்தி" என்றார். "ஒருக்காப் பாத்துப் பொட்டு வச்சுட்டா அப்புறம் தொறக்கக் கூடாதுன்னே பழகிட்டேன். இது தராசு இல்ல. சும்மா இருக்கிற கோடுதான் கெடுது."

அந்த நடுக்கோடுகளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் கொடுத்து விட்டுவைத்தார். முதலில் அடியில் ஒரு புள்ளி சிவந்தது. மாலைக்குள் அது மெல்ல மேலேறி முழுக்கோடானது. கையைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் சோற்றுக்குப் போனார்.

பலகை மறுநாள் காலை தன் இடத்துக்கு வந்துவிட்டது. இப்போது அதில் சிவப்புப் பொட்டு இல்லை, பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கிறது. மார்க்கெட் முடிந்து தரையைக் கழுவும்போது ஈஸ்வரன் அதைப் போடுவார். நான்கு குழல்களிலும் எல்லாக் கோடுகளும் முறைவைத்து எரிந்து அணையும். "பலகை பல்லு விளக்குது" என்பாள் அன்புக்கரசி. சின்னாளப்பட்டியில் சேலைக்குச் சாயம் போடும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ஆவிக்குள்ளும் தெரியும்படி நிமிடம் காட்ட ஒரு குழல் வேண்டும் என்று கேட்டார். அவருக்கு ஒன்பதிலிருந்து இறங்கி வரும்படி ஒன்றைச் செய்து கொடுத்தார் சர்புன்னிசா. மீதமுள்ள மூன்றும் அவர் கடையில் இருக்கின்றன. வாரம் ஒருமுறை அவற்றையும் எரித்துப் பார்க்கிறார்.

சங்கத்தின் முடிவு வர வேண்டியிருந்தது. அந்த இரண்டு வாரங்களில் ஈஸ்வரன் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தினமும் முதல் ஆளாக வந்து குழல்களைத் துணியால் துடைத்துவிட்டு நிற்பார். கடைசியில் பிரபு கடிதத்தைத் தபாலில் போடாமல் கையிலேயே கொண்டுவந்தார். சர்புன்னிசாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அவரே படித்தார். ஈஸ்வரன் கடையில் பலகை காட்டும் விலை அவர் கூவிய விலையாகவே கொள்ளப்படும், கடை அவர் பெயரிலேயே தொடரும் என்று இருந்தது. அதை வாங்கி என் கோப்பில் வைத்தேன். வந்த தேதி: 2023 ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமை.