காட்டுப் பாதையில் இன்ஜினை அணைப்பது

ஐப்பசி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து ஐம்பதுக்கு எங்கள் காரின் ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்தது. அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு வரும் காட்டுப் பாதை அது. ஓட்டியவள் என் மனைவி. வண்டியில் வேறு யாரும் இல்லை. மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது.

நேரம் இவ்வளவு சரியாகத் தெரியக் காரணம், அவள் வீடு வந்து சேர்ந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் நான் கேட்டு எழுதிக்கொண்டதுதான். எதையும் கிழமை, நேரம், வானிலை போட்டு எழுதிவைப்பது என் முப்பது வருஷத்துப் பழக்கம். காருக்கென்று தனி நோட்டு உண்டு. அதில் இது மூன்றாவது பதிவு. முதல் முறை கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. இரண்டாம் முறை தேன்கனிக்கோட்டை சந்தைப் பக்கம் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒரு அசைவும் இல்லை. நாற்பது நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பியது.

"எவ்வளவு நேரம் அடிச்சுது?"

"எண்ணவா முடியும்? ஒரு நிமிஷம் இருக்கும். லைட்டும் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது. பக்கத்துல எங்கயோ மூங்கில் முறியற சத்தம் வேற."

"வண்டிய நிறுத்தினியா?"

"நிறுத்தினா மறுபடி கிளம்பும்னு நீங்க எழுதித் தருவீங்களா?"

அவள் அஞ்செட்டிக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை. அந்த ஊருக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒன்று. இரண்டும் பள்ளி நேரத்துக்கு ஒத்துவராது. அந்த வழியில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. யானை குறுக்கே நின்றால் தூரத்திலேயே நிறுத்த வேண்டும். ஹாரன் கூடாது. விளக்கை அணைத்து, இன்ஜினையும் அணைத்துவிட்டு, அது போகும்வரை பேசாமல் இருக்க வேண்டும். பஸ் டிரைவர்கள் முதல் வாரத்திலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. எங்கள் வண்டியோ தானாக ஹாரன் அடித்தது, அணைத்தால் கிளம்ப மறுத்தது. எதைச் செய்யக் கூடாதோ அதையெல்லாம் செய்யும் வண்டி.

ஓசூரில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் காரை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் நல்ல வெயில். "ஃபால்ட் வரவே இல்ல சார்" என்று சொல்லி, புது பேட்டரி போட்டு அனுப்பினார்கள். அடுத்த மழையில் நான்காவது பதிவு. பிறகு ஐந்து, ஆறு.

ஆறாவதை எழுதிய அன்று சாப்பிடும்போது நான் அவள் வேறு பள்ளிக்கு மாறுதல் கேட்பதைப் பற்றிப் பேசினேன். அவள் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"அங்க ரெண்டே டீச்சர். நான் வந்துட்டா அந்தம்மா ஒருத்தி அஞ்சு கிளாஸையும் வச்சுக்கிட்டு என்ன பண்ணும்?"

"யானை முன்னாடி ஹாரன் அடிச்சா நீ என்ன பண்ணுவே?"

அவள் மோரை ஊற்றிப் பிசைந்தாள். பிறகு அவளே சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு தடவை சரி பண்ணிப் பாருங்க. அதுக்கப்புறமும் இப்படி ஆச்சுன்னா மாறுதலுக்கு எழுதிக் குடுத்துடறேன்."

அந்த வாரம், நேரம் ஒத்துவராவிட்டாலும் பரவாயில்லை என்று அவளைப் பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டு, புதன்கிழமை காலை காரை நான் குருபரப்பள்ளிக்கு ஓட்டிப்போனேன். நெடுஞ்சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை. அதை நடத்துகிறவர் ஓசூரில் ஒரு வயரிங் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, இப்போது காருக்குக் கரண்டு வேலை மட்டும் பார்க்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எப்பெப்ப ஆச்சு சார்? நினைவிருக்கா?"

நோட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"வண்டிக்கே ஜாதகம் எழுதி வச்சிருக்கீங்களே சார்!"

"பார்த்துப் பலன் சொல்லுங்க."

விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். "மழை. மழை. தூறல். மழை. வண்டி கழுவினது. மழை. ஏன் சார், காஞ்ச நாள்ல ஒண்ணாவது இருக்கா?"

இல்லை. வானிலையை ஒவ்வொரு முறையும் நான்தான் எழுதினேன். ஒரு முறைகூட அந்த வரிசையை மட்டும் தனியாகப் படித்ததில்லை.

ஸ்கேனரைச் செருகினார். மற்ற பாகங்களெல்லாம் பதில் சொல்லின. ஒன்று மட்டும் சொல்லவில்லை. பாடி கண்ட்ரோல் மாட்யூல். உள்ளங்கை அகலமுள்ள பெட்டி அது. விளக்கு, ஹாரன், வைப்பர், கதவுப் பூட்டு எல்லாம் அதன் சொல்படிதான் நடக்கும். சாவி நம் சாவிதானா என்று பார்த்து இன்ஜினுக்கு அனுமதி தருவதும் அதுவே.

"அப்ப அதுதான் போச்சு?" என்றேன்.

"அவசரப்படாதீங்க. இதுக்குப் போற கரண்டு நின்னிருந்தாலும் ஸ்கேனர் இதேதான் காட்டும். பாதிப் பேரு இங்கதான் ஏமாந்து நல்ல மாட்யூலைக் கழட்டி எறிவாங்க."

மாட்யூலுக்குப் போகும் வயர்களில் ஒரு ஹெட்லைட் பல்பைத் தொட்டுப் பார்த்தார். மீட்டரில் பார்த்தால் போதாதாம். அரித்துப்போன வயர்கூட மீட்டருக்குச் சரியான வோல்ட் காட்டும், பாரம் கொடுத்தால்தான் உண்மை தெரியும். பல்பு பளிச்சென்று எரிந்தது. எர்த்தும் சரி. கரண்டு வந்தும் பெட்டி பேசவில்லை. இடது பக்கம் காலடியில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, பெட்டியை வெளியே எடுத்தார். செருகியில் இருந்த பின்கள் பச்சை பூத்திருந்தன. கீழே கம்பளத்தை அழுத்தினேன். விரல் நனைந்தது.

"இது போச்சு, சரி. ஆனா ஏன் நனைஞ்சுது? அது தெரியாம புதுசு போட்டா, அதுவும் நாலு மழையில இதே மாதிரி பூத்து நிக்கும்."

ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுவந்து முன்கண்ணாடியின் அடியில் மெல்ல ஊற்றினார். நான் உள்ளே குனிந்து டார்ச் அடித்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு மக். மாட்யூல் இருந்த இடத்தில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

வைப்பர்களைக் கழற்றி, அதன் கீழிருந்த கறுப்பு மூடியைத் தூக்கியதும் அவர் குரல் மாறியது. "அட தேவுடா."

மழைத்தண்ணீர் வடிந்து போகும் பள்ளம் அது. மூலையில் இருந்த ஓட்டையை ஒரு கைப்பிடி அளவு அழுகல் அடைத்திருந்தது. நூலோடு சேர்ந்த சாமந்தி, மாவிலைத் துண்டு, மஞ்சள் குழம்பிக் காய்ந்த கட்டி. வழியில்லாத தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

"யாரு சார் வீட்டுல இவ்ளோ பக்தி?"

நான் அந்தச் சாமந்தி நூலை எடுத்துப் பார்த்தேன்.

காரை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்ததும் வேறொரு நோட்டை எடுத்தேன். வீட்டுக் காரியங்களுக்கென்று தனியாக வைத்திருப்பது. ஆயுத பூஜை அன்றைய பக்கத்தில், என் கையெழுத்தில்: 'காரைக் கழுவி மஞ்சள், குங்குமம் வைத்தேன். இரண்டு முழச் சாமந்தி மாலையை வைப்பர்கள்மேல் கட்டினேன். நாளை மறுநாள் அவிழ்க்க வேண்டும்.' அடுத்த பக்கத்தில்: 'மாலை பாதி உதிர்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றித் தள்ளினேன்.' கார் நோட்டில் முதல் கோளாறு அதற்கு அடுத்த பன்னிரண்டாம் நாள். இரண்டு நோட்டும் ஒரே அலமாரியில், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பூஜை வீட்டுக் காரியம், கோளாறு வண்டிக் காரியம் என்று பிரித்துவைத்தவன் நான்தான்.

மனைவியிடம் அந்தப் பக்கங்களைக் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"யானைகிட்ட மாட்டிவிட்டது சாமி இல்ல, நீங்களா?" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

புது மாட்யூல் பெங்களூரிலிருந்து சனிக்கிழமை மதியம் பஸ்ஸில் கொட்டகைக்கு வந்தது. லேபிளில் இருந்த எண்ணைப் பழையதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். மாட்டுவது பத்து நிமிஷ வேலை. அதற்கு இந்த வண்டி எது, இந்தச் சாவிகள் எவை என்று லேப்டாப்பிலிருந்து ஏற்றுவதுதான் கண்டம். இரண்டு சாவியையும் மேஜையில் வைத்தேன். ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கினால் மாட்யூல் பாதியில் நின்றுவிடும். புதுசும் குப்பை, வண்டியும் நகராது என்றார். அதனால் சார்ஜரைப் பேட்டரியோடு இணைத்துவைத்தார்.

இருபது சதவீதம். முப்பத்தைந்து. வெளியே மேகம் கறுத்தது. ஐம்பத்து நான்கில் மின்விசிறி நின்றது.

சார்ஜரின் பச்சை விளக்கும் அணைந்திருந்தது.

"மீட்டரைப் பாருங்க சார், பார்த்துச் சொல்லிட்டே இருங்க," என்றார். குரல் தணிந்திருந்தது.

"பன்னிரண்டு புள்ளி நாலு வோல்ட்."

"கதவைத் தொடாதீங்க. எதையும் தொடாதீங்க."

"பன்னிரண்டு ரெண்டு." திரையில் அறுபத்தொன்று.

பக்கத்து டீக்கடை முன்னால், குட்டியானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்று நின்றிருந்தது. கர்நாடகப் பதிவு. இவர் கொட்டகை வாசலுக்கு ஓடி, "அண்ணா! பேக பா அண்ணா, பேக!" என்று, சீக்கிரம் வரச் சொல்லிக் கத்தினார். டிரைவர் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார். கன்னடத்தில் இரண்டு வரி பேச்சு. கிளாஸைத் திண்டில் வைத்துவிட்டு வண்டியைப் பின்னோக்கி வாசலில் கொண்டுவந்தார்.

"பன்னிரண்டு."

"இன்ஜினை நிறுத்துண்ணா! ஓடுற வண்டில மாட்டினா மாட்யூல் பொசுங்கிடும். உன் பேட்டரி மட்டும் போதும்."

இன்ஜின் நின்றது. சிவப்பு, கறுப்பு கேபிள்களை அவர் மாட்டும்போதும் நான் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மீட்டரில் பதினொன்று ஒன்பது. கடைசிக் கவ்வி பிடித்ததும் பன்னிரண்டு மூன்று.

"ஏறிடுச்சு," என்றேன்.

"சாமிக்குப் போட்ட பூவுக்கு யானை வந்து பரிகாரம் பண்ணுது பாருங்க," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். டிரைவருக்குப் பாதிதான் புரிந்தது, அவரும் சிரித்தார்.

எழுபத்தெட்டு. தொண்ணூறு. நூறு. முதல் சாவி, பிறகு இரண்டாவது சாவி. இன்ஜின் பிடித்தது. மூடியை மாட்டுவதற்கு முன் ஆறு மக் தண்ணீரை நானே ஊற்றினேன். எல்லாம் அடைப்பெடுத்த ஓட்டை வழியாகத் தரையில் விழுந்தது. உள்ளே ஒரு சொட்டில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவெல்லாம் மழை. திங்கள் காலை, நானும் கூட வருகிறேன் என்றேன்.

"தினமும் வருவீங்களா?"

"இன்னிக்கு மட்டும்."

"அப்ப நாளைக்கு பயமிருக்காதா?" சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பாதையில் பாதிக்கு மேல் சிக்னல் கிடையாது. வழக்கமாக ஆறே கால், அதிகம் போனால் ஆறரைக்கு வந்துவிடுவாள். ஆறரை ஆனது. ஆறே முக்காலுக்கு அழைத்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. ஏழுக்கு மறுபடி. நோட்டைத் திறந்து கிழமையை மட்டும் எழுதினேன். அதற்குமேல் கை போகவில்லை. வாசலில் போய் நின்றேன். ஏழு இருபதுக்கு விளக்குகள் தெருவில் திரும்பின. அணைந்து அணைந்து எரியவில்லை, சீராக வந்தன.

இறங்கியதும் சொன்னாள்: "மூணு. ஒண்ணு குட்டி. ரோட்டு நடுவுல நின்னு மூங்கில் தின்னுக்கிட்டு இருந்துச்சு. நல்ல மழை."

"நீ என்ன பண்ணே?"

"லைட்டை அணைச்சேன்."

அவள் பையை வாங்கிக்கொண்டேன். அவளே மீதியையும் சொன்னாள்.

"சாவியில கையை வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் யோசிச்சேன். அப்புறம் இன்ஜினையும் அணைச்சுட்டேன். முக்கால் மணி நேரம். அதுங்க போனதும் திருப்பினேன். ஒரே திருப்பு."

உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மாறுதல் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அன்றைய பதிவை இரண்டு நோட்டிலும் எழுதினேன்.