குடுவைச் செடிக்கு அப்பா வைத்த விருந்து

கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு முடித்த கோடை விடுமுறை. கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்ற பகுதியிலுள்ள எங்கள் ஊருக்குக் கிளம்பிய என்னிடம், பேராசிரியை ஒரு சிறு தொட்டியைக் கொடுத்தார். உள்ளே குடுவைச் செடி. இலை நுனியில் மூடி போட்ட குட்டிச் சொம்பு தொங்கும். அதற்குள் விழும் பூச்சிதான் செடிக்கு உணவு. நம் நாட்டில் மேகாலயா மலைகளில் மட்டுமே தானாக வளர்வது. காடு அழிந்தும், ஆட்கள் பிடுங்கி விற்றும் அங்கேயே அருகிவிட்டது. கல்லூரியில் விதை போட்டு முளைத்தவற்றில் வெயிலுக்குத் தப்பியது இது ஒன்றுதான். மலைக் குளிர்ச்சியில் பிழைக்கட்டும் என்று என்னை நம்பித் தந்தார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமையில் வழி முழுக்கத் தொட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் இவர்களுக்கு என்ன புரியும் என்ற நினைப்பு.

இரண்டே வாரத்தில் இலைகள் கருகின. இருந்த ஒரு குடுவையும் காய்ந்துவிட்டது. மண்ணைக் கிளறினால் ஆட்டுப்புழுக்கை! மிளகுக் கொடிக்கு வைப்பது போல அப்பா வைத்திருக்கிறார். சத்தில்லாத மண்ணில் வாழும் செடி. எரு பட்டால் வேர் வெந்துவிடும். கத்தித் தீர்த்தேன்.

அப்பா பதறிப்போனார். "நீ ஒரு வார்த்த சொல்லலியே கண்ணு. ஊட்டுக்கு வந்தத எப்படிப் பட்டினி போடறது?"

வேரை மழைத்தண்ணீரில் அலசி, தேங்காய் நாரும் பாறைப் பாசியும் போட்டு நட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"மண்ணுல சத்தில்லீன்னு அதுவே சோறு தேடிக்குதா? கெட்டிக்காரச் செடிதான்!" என்றார் அப்பா.

பக்கத்து வீட்டு அத்தை சும்மா இருப்பாரா? "ஏனுங்ணா, உங்க புள்ள இத்தன படிச்சு ஈ புடிக்கத்தான் கத்துக்கிச்சா?"

விடுமுறை முடியப் பத்து நாள் இருக்கும்போது, புது இலையின் நுனி மிளகளவு வீங்கியது. தினமும் காட்டுக்குப் போகுமுன் அப்பா குனிந்து பார்ப்பார். கடைசி நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு ஒரே சத்தம்: "சாமி, ஓடியா! மூடி தொறந்துருச்சு!"

உள்ளே ஓர் எறும்பு நீந்திக்கொண்டிருந்தது. அப்பா ஊரையே கூட்டிவிட்டார். 'மேகாலயா' என்று அவர் பிசகாமல் சொல்லி விளக்கியதை, கூட்டத்தோடு நின்று நானும் கேட்டேன். அத்தைதான் முதலில் கை தட்டினார்.

இப்போது முதுகலை படிக்கிறேன். எதைப் புதிதாகக் கற்றாலும் அன்றைக்கே போனில் அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தானே, அவ்வளவு பாசத்தோடு வைத்த எரு ஓர் அரிய செடியைச் சாகடிக்கப் பார்த்தது.