பஸ்ரியனின் முழங்கால்

பஸ்ரியன் வேலிக்கு மேலால் பாய்ந்து பந்தைப் பிடித்தானாம், முழங்கால் சில்லு நொறுங்கியதாம், அதோடு அவனுடைய பேஸ்பால் வாழ்க்கை முடிந்ததாம், பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் எழுந்து நின்று அழுதார்களாம். கனடாவின் ஸ்காபரோவில் முடி வெட்டப் போனாலும் இந்தக் கதை, மீன் வாங்கப் போனாலும் இந்தக் கதை. உண்மைக் கதையை நான் சொல்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணிக்கு நான் கப்டன். பஸ்ரியன் எனக்கு நாலு வகுப்புக் கீழே. அவனை எல்லையில் நிறுத்தியவன் நான். "வேலியிலை பட்டா நாலடா! பிறகென்னத்துக்கு ஓடுறாய்? நில்!" என்று தொண்டை கிழியக் கத்திப் பழக்கியவனும் நான்தான்.

கனடாவுக்கும் நான்தான் முதலில் வந்தேன். அதிர்ஷ்டம் மட்டும் பின்னால் வந்தவனோடு போய்விட்டது. 1991 கோடையில், பூங்காவில் பேஸ்பால் ஆடிய வெள்ளையர்கள் அடித்த பந்தொன்று எங்கள் பக்கம் பறந்து வந்தது. பஸ்ரியன் ஓடிப்போய் வெறுங்கையால் பிடித்தான். என் தலைக்கு மேலால் வந்த பந்துதான். என் கையில் அப்போது கோழிக்கால் இருந்தது. இல்லாவிட்டால் நீங்கள் இப்போது என்னைப் பற்றி வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

அவர்களுடைய பயிற்சியாளர் அவனை அன்றே பிடித்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் அமெரிக்காவில் ஒரு சின்னப் பட்டினத்து அணி அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. மைதானத்தின் கடைசி வேலியோரம் நின்று, பறந்து வரும் பந்துகளைப் பிடிப்பது வேலை. முதுகில் பெயர் போட்ட சட்டை. அவன் மனைவி எமில்டா அவனையல்ல, அந்தச் சட்டையைத்தான் கட்டினாள் என்பது என் கணக்கு.

இரண்டு கோடை ஆடினான். பிறகு பேசாமல் திரும்பி வந்து பள்ளிக்கூட பஸ் ஓட்டத் தொடங்கினான். இப்போது விட்பியில் புது வீடு, இரண்டு கார் நிற்கிற கராஜ். நான் டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடி. லிப்ட் நினைத்தால் வரும்.

1998இல் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலுக்குப் பிரதம விருந்தினர் யார்? கப்டன் உயிரோடு இருக்க, பஸ்ரியன்! வென்றவர்களுக்குக் கிண்ணம் கொடுக்க அவன் மேடைக்கு இரண்டு படியை ஒரேயடியாகத் தாண்டி ஏறியதைக் கண்டேன். நொறுங்கிய முழங்காலா அது? போய் மைக்கைப் பிடித்தேன்.

"தம்பி பஸ்ரியன், அந்த முழங்காலைச் சனத்துக்கு ஒருக்காக் காட்டுமன்."

"சூசைதாசண்ணை, உங்களுக்கு வேறை வேலையில்லையோ?" கீழேயிருந்து எமில்டா கத்தினாள்.

எனக்கு உள்ளுக்குள் பாயாசம் குடித்தது போல இருந்தது. பஸ்ரியன் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினான்.

"முழங்காலுக்கு ஒண்டுமில்லை. ரெண்டு வருசம் ஒழுங்கா ஓடினன். கடைசி மட்ச்சிலை பந்து போய் வேலியிலை பட்டுது. நாலுதானே எண்டு பழைய பழக்கத்திலை கையைத் தூக்கிக்கொண்டு நிண்டிட்டன். பேஸ்பாலிலை வேலியிலை பட்டாலும் ஆட்டம் நிக்காது. மூண்டு பேர் ஓடி முடிச்சாங்கள், நாங்கள் தோத்தம், அண்டைக்கே என்னை நிப்பாட்டிப்போட்டாங்கள். வேலியிலை பட்டா ஓடாதை, நில்லெண்டு எனக்குப் பழக்கினது உந்தா நிக்கிறார், உவர்தான்."