அடுத்தவர் சாமானுக்கு எடுத்த பாலிசி

நான் எழுதிய முதல் தீ பாலிசி பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருந்த ஒரு ஷெட்டுக்கு. அதற்கு முன் நாலு வருஷம் ஆயுள் காப்பீடு மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்கூல் டீச்சர்கள், நர்சுகள், அவர்களுடைய நாத்தனார்கள் என்று ஒருவரை வைத்து ஒருவரைப் பிடிப்பது. அரியாங்குப்பத்தில் தெரிந்த வீடுகளெல்லாம் தீர்ந்துபோய், என்னைத் தெருவில் பார்த்தாலே ஆட்கள் வேறு சந்தில் திரும்பத் தொடங்கியபோது, பரீட்சை எழுதிப் பொதுக் காப்பீட்டுக்கும் ஏஜென்ட் ஆனேன். வீடு, கடை, வண்டி, சரக்கு. சாவைப் பற்றிப் பேசாமல் பாலிசி விற்கலாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஷெட் முதலாளியை எங்கள் கிளை அலுவலகத்தில்தான் முதலில் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். டவுனில் மூன்று தலைமுறையாக ஜவுளி வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். எல்லாரும் பாய் என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பிளாஸ்டிக் குடம் செய்வதற்காக ஷெட் கட்டி, அது ஓடாமல் நஷ்டப்பட்டு, மெஷின்களை விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தாராம். பிரான்சுக்குக் குடிபோகும் சிநேகிதர் ஒருவர், "வூட்ட காலி பண்றேன், சாமான எங்க போடறதுன்னு தெரியல" என்று புலம்பியிருக்கிறார். அதிலிருந்து பிறந்த யோசனை. ஷெட்டுக்குள் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி இருபத்திரண்டு அறையாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷட்டர். வாடகை மாதக் கணக்கு. பூட்டும் சாவியும் வாடகைக்காரருடையது. உள்ளே என்ன இருக்கிறது என்று பாய் கேட்கமாட்டார். அதுதான் அவர் தொழிலுக்கே கவர்ச்சி.

பாண்டியில் அதற்கு ஆள் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்தக் குடும்பங்களில் யாராவது ஒருவர் எப்போதும் பிரான்சுக்குப் போய்க்கொண்டோ திரும்பி வந்துகொண்டோ இருப்பார். வாடகை வீட்டைக் காலி செய்துவிடுவார்கள், ஆனால் சாமானை விற்க மனசு வராது. ஆறு மாதத்துக்குள் இருபத்திரண்டு அறையும் நிறைந்துவிட்டன.

சுவர் எழுப்பக் கடன் கொடுத்த பேங்க், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டது. அதனால்தான் பாய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எனக்கு மேலே இருந்த அதிகாரி, "நீயே பாரும்மா, உனக்கு மொத கேஸா இருக்கட்டும்" என்று என்னிடம் தள்ளிவிட்டார். கட்டிடம், ஷட்டர், பாயின் மேசை நாற்காலி என்று எல்லாவற்றையும் எழுதினேன். படிவத்தில் அதிகாரி எங்கெங்கே டிக் போடச் சொன்னாரோ அங்கெல்லாம் டிக் போட்டேன்.

பத்து நாள் கழித்து பாலிசியைக் கொடுக்க ஷெட்டுக்குப் போனபோது வாசலில் ஒரு டெம்போ நின்றது. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெரிய தேக்குக் கட்டிலை ஷட்டருக்குள் ஏற்றச் சொல்லி இரண்டு ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் லியோன் பக்கத்தில் ஏதோ ஊரில் வேலையில் இருக்கிறான், விசா வந்துவிட்டது, இரண்டு பிள்ளைகளுடன் கிளம்புகிறாள் என்று பாய் சொன்னார். என் கையிலிருந்த உறையைப் பார்த்து அவளே கேட்டாள்.

"இன்சூரன்ஸா? எங்க சாமானுக்கும் சேத்துதானே?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமாங்க. எல்லாத்துக்கும்தான்."

"அப்பாடா" என்று சிரித்தாள்.

பாய் என்னைப் பெருமையாக முன்பக்கம் கூட்டிப்போனார். சாரத்தின் மேல் நின்று பெயின்டர் நீல நிறத்தில் எழுதிக்கொண்டிருந்தான்: 'இங்கு வைக்கப்படும் பொருட்களுக்கு முழு இன்சூரன்ஸ் உண்டு.'

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பாலிசியின் நகல் பையில் இருந்தது. முதல் தீ பாலிசியாயிற்றே என்று ஆசையாக எடுத்துப் படித்தேன். பொடி எழுத்து ஆங்கிலம். எது எது அடங்காது என்ற பட்டியலில் கண் ஓடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. வெடிப்பொருள், பத்திரங்கள், ஆவணங்கள், அப்புறம், நம்பிக்கையின் பேரில் பிறருக்காக வைத்திருக்கும் பொருட்கள். தனியாகக் குறிப்பிட்டு எழுதினால் ஒழிய இவை எதற்கும் காப்பீடு கிடையாது.

மறுபடி படித்தேன். அந்த ஷெட்டில் பாயின் மேசை நாற்காலியைத் தவிர மற்றது எல்லாமே பிறர் பொருள். நாளைக்கே தீப்பிடித்தால் சுவருக்குப் பணம் வரும், கட்டிலுக்கு வராது. பாலம் தாண்டி என் நிறுத்தம் வந்ததும் தெரியவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்தேன்.

அலுவலகத்துக்கு போன் போட்டேன். அதிகாரி சிரித்தார். "பேங்குல காட்டறதுக்குத்தாம்மா அவரு பாலிசி எடுத்தாரு. சாமான் எவனோடதோ. நீ ஏன் போய் குட்டையக் கொழப்பற?"

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன் மேல இன்னா தப்பு? அவருதானே டிக் போடச் சொன்னாரு" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அந்தப் பெண்ணிடம் ஆமாம் என்று சொன்னது அதிகாரி இல்லை, நான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஷெட்டில் இருந்தேன். பாய் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாலிசியில் அந்த வரியைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத நேத்து ஏன் சொல்லல?"

"நேத்து எனக்குத் தெரியாது பாய். படிக்காமயே குடுத்துட்டேன்."

"படிக்காம குடுத்தியா?" குரல் உயர்ந்தது. "ஊரு பூரா சொல்லிட்டேன்மா. செவுத்துல எழுதி வச்சிருக்கேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன ஏமாத்துக்காரன்னு சொல்லமாட்டாங்களா? அம்பது வருஷமா எங்க வாப்பாவும் நானும் கட வச்சிருந்தோம், ஒருத்தன் ஒரு வார்த்த சொன்னதில்ல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் எழுந்து வெளியே போனார். போனவர் திரும்பி வராததால் நானும் போய்ப் பார்த்தேன். மீதியிருந்த சுண்ணாம்பு வாளியை எடுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த நீல எழுத்தின் மேல் அவரே மட்டையால் பூசிக்கொண்டிருந்தார். ஆயில் பெயின்டின் மேல் சுண்ணாம்பு நிற்குமா? வழிந்தது. ஆனாலும் முழு வரியையும் அடித்து முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"சரி. இப்ப இன்னா பண்ணனும், சொல்லு."

பஸ்ஸில் வரும்போதே அதை நான் யோசித்து வைத்திருந்தேன். பாலிசியில் 'பிறர் பொருட்களும் சேர்த்து' என்று ஒரு இணைப்பு எழுதி வாங்கலாம். ஆனால் அதற்கு ஒவ்வொரு அறையிலும் என்ன இருக்கிறது, என்ன மதிப்பு என்று பட்டியல் வேண்டும். பிரீமியமும் கூடும்.

"உள்ள இன்னா இருக்குன்னு கேக்கவேமாட்டேன்னு சொல்லித்தாம்மா நான் வாடகைக்கே வுட்டேன்" என்றார்.

"கேக்காம எழுத முடியாது பாய். கொறச்சு எழுதினாலும் ஆபத்து. சாமான் மதிப்புல பாதிக்குத்தான் பாலிசின்னா, நஷ்டத்துலயும் பாதிதான் குடுப்பாங்க."

சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு முடிவு சொன்னார். வேண்டும் என்பவர்கள் பட்டியல் கொடுத்து, வாடகையோடு கொஞ்சம் சேர்த்துத் தரட்டும். வேண்டாம் என்பவர்கள் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். "அந்தப் பொண்ணு நாளைக்கு பிளேன் ஏறுது. மொதல்ல அங்க போவலாம் வா."

அவர் ஸ்கூட்டரில் முன்னால் போக, நான் ஆட்டோவில் பின்னால் போனேன். கருவடிக்குப்பத்தில் அவள் வீடு கிட்டத்தட்ட காலியாக இருந்தது. கூடத்தில் நாலு பெட்டிகள். தரையில் செய்தித்தாள் விரித்துப் பிள்ளைகள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தன. நேற்று நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"வந்து சொன்னீங்களே" என்றாள். "நான் அங்க போய் நிம்மதியா இருந்திருப்பேன், ஒண்ணும் தெரியாம." பெட்டிமேல் உட்காரச் சொன்னாள். "எழுதுங்க."

பீரோவை அவள் அர்முவார் என்றாள். அவள் மாமனார் வீட்டில் அப்படித்தான் சொல்வார்களாம். நானும் பட்டியலில் முதலில் அப்படியே எழுதி, பிறகு அடித்துவிட்டு பீரோ என்று எழுதினேன். தையல் மெஷின், பித்தளைப் பாத்திரம் இரண்டு மூட்டை, டி.வி., பிள்ளைகள் சைக்கிள். கட்டில் வந்ததும் நின்றுவிட்டாள்.

"அது எங்கம்மா வீட்டுல குடுத்தது. அதுக்கு எப்பிடிங்க வெல போடறது?"

"இப்ப அதே மாதிரி ஒரு ஆசாரி கிட்ட செய்யச் சொன்னா இன்னா கேப்பாரோ, அத போடுங்க."

யோசித்து ஒரு தொகை சொன்னாள். அறையில் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி, அதில் மாமனாரின் பட்டாளத்துப் பேப்பர்கள், பிறப்புச் சான்று, கல்யாணம் பதிந்த பழைய பிரெஞ்சு சிவில் பதிவுகள் என்றாள். பாலிசியில் எது அடங்காது என்ற பட்டியலில் ஆவணங்களும் இருந்தது எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

"பேப்பருக்கு எந்தப் பாலிசியும் கெடையாது. அத இங்க வைக்காதீங்க. கையோட எடுத்துட்டுப் போங்க."

"எடம் இல்லியே" என்று பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து, ஊறுகாய் பாட்டில்களையும் வடாம் பொட்டலத்தையும் வெளியே எடுத்து பாய் கையில் கொடுத்தாள். "வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க பாய்." அன்று சாயங்காலமே ஷெட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியிலிருந்த பேப்பர்களை அள்ளிக்கொண்டு போனாள்.

அடுத்த மூன்று வாரம் நானும் பாயும் மற்ற இருபத்தொரு பேரையும் தேடிப்பிடித்தோம். சிலருக்கு பிரான்சுக்குத் தபால் போனது. கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர் தன் தெர்மாகோல் யானைகளையும் துணி ரோஜாக்களையும் ஒன்றுவிடாமல் எண்ணிக் கொடுத்தார். பாயின் சொந்த மச்சானே ஒரு அறையில் அத்தர் கலக்கும் ஸ்பிரிட்டைக் கேன் கேனாக அடுக்கியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. "ஷெட்டக் கொளுத்தறதுக்கு வச்சிருக்கியா?" என்று பாய் சத்தம் போட்டு, அதே நாளில் கேன்களை வெளியே எடுக்க வைத்தார். அந்தப் பெண்ணையும் சேர்த்துப் பதினெட்டு பேர் பட்டியல் கொடுத்தார்கள். நாலு பேர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே இணைப்பை எழுதிக் கொடுத்தார்.

ஐப்பசி கடைசியில் புயல் வந்தது. மூன்று நாள் மழை. இரண்டாம் நாள் காற்றில் ஷெட்டின் வடக்கு ஓரத்து ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் பிய்ந்துகொண்டு போயின. ஐந்து அறைக்குள் தண்ணீர். பாய் போன் பண்ணினார். நான் போய்ச் சேர்ந்தபோது முழங்கால் வரை வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஷட்டர்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் அறையும் அதில் ஒன்று.

"எதையும் நகத்தாதீங்க பாய். சர்வேயர் வரட்டும். மேல தார்ப்பாய் மட்டும் போடுங்க."

நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயர் கடலூர்க்காரர். அதிகம் பேசாத மனிதர். "காத்துல போச்சா, பழசாயி ஒடஞ்சு உழுந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். தீ பாலிசி என்று பேர்தான், புயல் சேதமும் அதில் அடங்கும்; ஆனால் பழசாகி ஒழுகினால் பணம் கிடையாது. பக்கத்துக் கம்பெனி மதில் தாண்டி விழுந்து கிடந்த துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு அறைக்குள் போய், என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கட்டிலின் கால்கள் உப்பிப் போயிருந்தன. தையல் மெஷின் துரு. டிரங்குப் பெட்டியில் தண்ணீர் நின்றது, உள்ளே பழைய செய்தித்தாள் மட்டும்.

கிளம்பும்போது, "லிஸ்ட்டு யாரு எழுதினது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். அவ்வளவுதான். எனக்கு அன்று முழுக்க அது போதும்.

பணம் வர நாலு மாதம் ஆனது. பழைய சாமான் என்று தேய்மானம் கழித்துத்தான் கொடுத்தார்கள், ஆனால் வந்தது. நனைந்த ஐந்தில் ஓர் அறை, வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவருடையது. அவர் வந்து சத்தம் போட்டார். பாய் கையெழுத்தைக் காட்டவில்லை. ஆறு மாத வாடகை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கு பாயின் ஆபீசிலிருந்து போன் போட்டோம். கட்டில் விஷயம் சொன்னதும் எவ்வளவு நனைந்தது என்று கேட்டுக்கொண்டாள். பிறகு, "பேப்பரெல்லாம் எங்கிட்ட இருக்குதுங்க. அதவச்சுதான் பசங்களுக்கு இங்க பிரெஞ்சுக் குடியுரிமைக்குப் பதிவு பண்ணோம்" என்றாள். வந்த பணத்தில் ஆசாரியைக் கூப்பிட்டுக் கால்களை மட்டும் மாற்றச் சொன்னாள். மேல்பலகைகள் நனைந்தாலும், தேங்கிய தண்ணீருக்கு மேலே இருந்ததால் தப்பித்திருந்தன.

எனக்கும் அதன் பிறகு வேலை மாறியது. எஸ்டேட்டில் பக்கத்து ஷெட்காரர்கள் பாயிடம் கேட்டு என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள். பாலிசியை முதலில் நான் படிப்பேன். பிறகு தமிழில் அவர்களுக்குச் சொல்வேன். எது கிடைக்காது என்பதைத்தான் முதலில் சொல்வேன். இரண்டு பேர் அதைக் கேட்டு வேண்டாம் என்று எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள்.

அடுத்த கோடையில் பாய் அதே தெருவில் காலி மனை ஒன்றை வாங்கினார். இரண்டாவது ஷெட் கட்டப்போவதாகச் சொல்லி ஒரு காலையில் என்னை வரச்சொன்னார். மேஸ்திரி நூல் கயிறு பிடித்து நின்றுகொண்டிருந்தார். அஸ்திவாரத்துக்கு வானம்கூடத் தோண்டியிருக்கவில்லை.

"தரைய எவ்ளோ ஒசத்தலாம்னு நீ சொல்லும்மா" என்றார் பாய். "கரன்ட்டு பாக்ஸ் எங்க வச்சா பிரீமியம் கொறயும்? தீயணைக்கற சிலிண்டர் எத்தன?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காய்ந்த மண்ணில் நடந்து நடந்து காட்டினேன். இங்கே நடைபாதை அகலமாக இருக்கட்டும். மெயின் சுவிட்ச் வெளிச் சுவரில், அறைகளை விட்டுத் தள்ளி. தரை ரோட்டை விட இரண்டடி உயரம். உள்ளே மரச்சட்டம் அடித்து அதன்மேல் சாமான். மேஸ்திரி நான் காட்டிய இடத்திலெல்லாம் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே வந்தார். வெயில் ஏற ஏற அந்தக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. முப்பது அறை வரும் என்று பாய் எண்ணினார். ஓரத்தை இன்னும் கொஞ்சம் தள்ளினால் முப்பத்திரண்டு என்றேன். தள்ளச் சொன்னார்.