மூடாத வால்வு

அம்மாவுக்கு இரண்டு நாளாக வலி எடுத்தும் பிள்ளை பிறக்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்த பிறகு, நாமக்கல்லில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த மாமாவுக்கு ஆள் போயிற்று. அவர் அம்மாவின் தம்பி. விடிந்ததும் பழைய காரோடும் அத்தையோடும் ராசிபுரத்தில் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். பின் இருக்கையில் அம்மாவை அத்தை தாங்கிக்கொண்டாள். என்னை விட்டுப்போக வீட்டில் ஆளில்லை. எட்டு வயதில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து நானும் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன்.

மல்லூர் தாண்டி ஒரு மேட்டில் கார் இழுக்க மாட்டாமல் திணறியது. மாமா நிறுத்தி இறங்கினார்.

"நிறுத்தாத, ஓட்டு," என்றார் அப்பா.

"என்னன்னு தெரியாம ஓட்டுனா நடுவழியில நின்னுருமுங்க மச்சான்."

காரின் முன்பக்கம், என்ஜினைக் கையால் சுற்றும் இரும்புக் கைப்பிடியைச் செருகி மெல்லச் சுற்றினார். மூன்று முறை கைக்குக் கனத்தது. நான்காம் முறை சும்மா சுழன்றது. மறுபடி சுற்றினார். அப்போதும் அப்படியே. பிறகு என்ஜினை ஓடவிட்டு, புகைக்குழாயின் வாயருகே ஒரு காகிதத்தைப் பிடித்தார். காகிதம் படபடவென்று வெளியே பறந்தது. நடுநடுவே குழாய் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இறங்கி வந்து பார்த்த எனக்கு வேடிக்கையாக இருந்தது. சிரித்தேன். அம்மா உள்ளே முனகிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வால்வு தீஞ்சு போச்சுங்க. சரியா மூட மாட்டேங்குது. மிச்சம் மூணு சிலிண்டர்ல மெல்லப் போயிரலாம். பாரம் கொறையோணும்."

அப்பா இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். கார் மாட்டுவண்டி போல மேட்டில் ஏறிப் போயிற்று. நாங்கள் நடந்தோம்.

போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தம்பி பிறந்திருந்தான். அம்மா இல்லை. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று அங்கே யாரோ சொன்னது மாமாவின் காதில் விழுந்தது.

மூன்றாம் நாள், துக்கத்துக்கு வந்தவர்கள் முகம் சுளிக்க, மாமா எங்கள் வாசலிலேயே என்ஜினைப் பிரித்துப் போட்டார். ஒரு வால்வைக் கழற்றித் துடைத்து, உள்ளங்கையில் வைத்து அப்பாவிடம் கொண்டுவந்தார். அதன் விளிம்பில் நகத்தளவு கரிந்து அரித்துப்போயிருந்தது.

"பாருங்க மச்சான். அன்னிக்கு நான் சொன்னது இதேதானுங்க."

அப்பா அதை வாங்கிப் பார்த்தார். "நீ என்ன பண்ணுவ சாமி," என்றார். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா போய் மூன்று நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இவருக்குக் கார் பெரிதாகப் போயிற்றே என்று அப்போது நினைத்தேன். தம்பி நடக்கத் தொடங்கும்வரை மாமாவோடு நான் பேசவில்லை.